நிலவாகையின் வாழ்க்கை வரலாறு: கலை ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு செடியின் வாழ்க்கையைக் கலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்பவர், அது வளரும் வயலோடு அது கைமாறும் வழியையும் பின்தொடர வேண்டும். தூத்துக்குடி வட்டாரத்தில் இதற்குப் பொருத்தமானது நிலவாகை. அரேபியாவிலிருந்து வந்து, திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலத்தில் பயிராகி, மலமிளக்கிச் சரக்காகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய செடி இது.

1. பெயர்களைத் திரட்டுதல்: நாட்டு மருந்துக் கடைகளில் நிலவாகை, நிலாவாரை, தாவரவியலில் சென்னா அலெக்சாண்ட்ரினா, பழைய நூல்களில் காசியா அங்கஸ்டிஃபோலியா, உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல் என்பதால், முந்தைய ஆவணங்களைத் திருநெல்வேலியின் பெயரில் தேட வேண்டும்.

2. வயலில் வரைதல்: விதைப்பிலிருந்து கடைசி அறுவடை வரை ஏறத்தாழ ஐந்து மாதம். ஒரே செடியை வாரந்தோறும் ஒரே அளவுகோலில் வரைய வேண்டும். இணை இணையான சிற்றிலைகள், மஞ்சள் பூங்கொத்து, தட்டைக் காய் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கலாம். இலை பறிப்பதற்கு முன்பும் பின்பும் வரைந்த படங்களை அருகருகே வைத்தால், பறிக்கும் கை செடியின் உருவத்தை எப்படி மாற்றுகிறது என்பது புலப்படும்.

3. களமும் கிட்டங்கியும்: பச்சை நிறம் கெடாதிருக்க இலையை நிழலில் உலர்த்துவார்கள், தரம் பார்ப்பதில் நிறத்துக்கு முக்கிய இடமுண்டு. நாளுக்கு ஓர் இலை வீதம் தாளில் ஒட்டி, அருகில் அதே நிறத்தைத் தீட்டினால் உலர்தலின் நிறவரிசை கிடைக்கும். தரம் பிரிப்பதையும் சிப்பம் கட்டுவதையும் தொழிலாளர்களின் இசைவு பெற்றே படம்பிடிக்க வேண்டும்.

4. ஆவணங்களைப் பார்த்தல்: வணிகப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், உலர் மாதிரிகளுக்குக் கோயம்புத்தூரின் மெட்ராஸ் உலர்தாவரகம். 1830களில் பாளையங்கோட்டையில் பணியிலிருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும், பின்னர் கோவிந்துவும் தாவரங்களை வரைந்தனர். அவ்வகைப் படங்கள் செடியை வெள்ளைத் தாளில் தனித்து நிறுத்துகின்றன. மண், பருவம், உழைப்பு ஆகியவற்றில் எவை விடுபட்டன என்று பட்டியலிட்டால் ஆய்வுக்கான கேள்வி உருவாகும்.

5. வடிவம் தேர்தல்: கிடைத்த சான்றே ஊடகத்தைத் தீர்மானிக்கட்டும். இலையின் உருவத்துக்கு, அன்னா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசிகளைப் பதிக்கக் கையாண்ட நீல ஒளியச்சு (சயனோடைப்) பொருந்தும். பயணத்தைச் சொல்லச் சாக்குத் துணியில் அச்சிட்ட வரைபடம் பொருந்தும்.

6. காட்சிக்கு வைத்தல்: விதை, செடி, இலை, சிப்பம், கப்பல் என்ற வரிசையில் அடுக்கலாம். ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், நேரில் கண்டதா, ஆவணத்தில் உள்ளதா, கற்பனையா என்ற குறிப்பு வேண்டும். சான்று கிடைக்காத கட்டத்தை இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே காட்டலாம்.