பூட்டைத் திறக்காமல் கள்ளனை அறிவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வந்தபின் பணக் கணக்கெல்லாம் இணையத்தில் பூட்டிய வடிவில் போகிறது என்கிறார்கள். அதே பூட்டுக்குள் வைரஸ் ஒளிந்து போனால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இந்த முறை எப்போது தோன்றியது?
– கல்லூரி மாணவி, விக்கிரவாண்டி

பதில்: உங்கள் டோல்கேட்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய லாரி வருகிறது. உள்ளே என்ன சரக்கு என்று யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் எத்தனை அச்சு, டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, எந்த மாநிலப் பதிவெண், எந்த நேரத்து வண்டி என்பதெல்லாம் தெரிகிறது. எந்த வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு அதுவே சொல்லிவிடும்.

இணையத்துக்கு இந்தத் தார்ப்பாயைக் கொண்டுவந்தது நெட்ஸ்கேப் நிறுவனம், 1995இல். அதன் பெயர் எஸ்எஸ்எல். 1999இல் அது டிஎல்எஸ் ஆனது. வங்கிக் கணக்கைக் காத்த அதே பூட்டு, திருட்டு நிரல்களுக்கும் போர்வையாயிற்று.

நிறுவனங்கள் முதலில் கண்ட வழி, நடுவில் ஒரு கருவியை வைத்துப் பூட்டைத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டி அனுப்புவது. இதற்கு அந்தக் கருவி, 'நான்தான் உன் வங்கி' என்று உங்கள் கணினியை நம்பவைக்கும் சான்றிதழை நீட்ட வேண்டும். அத்தகைய சான்றிதழ் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும்? 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் நடமாடுவதைக் கூகுள் கண்டறிந்தது. அவை நம் தேசிய தகவலியல் மையத்திலிருந்து வெளியானவை. மறுநாளே அம்மையத்தின் சான்றளிக்கும் உரிமைகள் ரத்தாயின. பூட்டைத் திறக்கும் அதிகாரம் அத்தனை ஆபத்தானது.

இரண்டாவது வழி, பூட்டைத் தொடாமல் பார்ப்பது. இதன் வேர் கம்பியில்லாத் தந்தியில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் கார்டன் வெல்ச்மேன் 1939இல் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தார். ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை அப்போது அங்கே படிக்க முடியவில்லை. எந்த நிலையம் எதை, எந்த அழைப்புக் குறியில் கூப்பிடுகிறது என்று ஆராயும் வேலை அவருக்குக் கிடைத்தது. செய்தி புரியாமலே எதிரிப்படையின் அமைப்பு துலங்கத் தொடங்கியது.

அதே வித்தைதான் இன்றும். கணினி பேச்சைத் தொடங்கும்போது அனுப்பும் 'கிளையன்ட் ஹலோ' என்னும் முதல் செய்தி பெரும்பாலும் பூட்டில்லாமல் போகும். சாவியே இன்னும் பேசி முடியவில்லை அல்லவா! 'எனக்கு இன்னின்ன பூட்டுகள் தெரியும்' என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். குரோம் தரும் பட்டியல் வேறு, திருட்டு நிரல் தரும் பட்டியல் வேறு. இதை 32 எழுத்துக் கைரேகையாகச் சுருக்கும் 'ஜேஏ3' முறையை சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனப் பொறியாளர் மூவர் 2017இல் வெளியிட்டார்கள். 2023இல் குரோம் அந்த முதல் செய்தியில் ஒரு பகுதியின் வரிசையைக் கலைத்துப் போடத் தொடங்கியதும் ஜேஏ3 தடுமாறியது. அதே ஆண்டு ஜேஏ4 வந்தது.

நேரமும் காட்டிக்கொடுக்கும். இரவு 2 மணி, ஆளில்லாத அலுவலகம். கணக்குப் பிரிவுக் கணினி மட்டும் 60 வினாடிக்கு ஒருமுறை, ஒரே அளவுத் துணுக்கை, யாரும் அறியாத ஒரே முகவரிக்கு அனுப்புகிறது. எசமானிடம் 'இருக்கிறேன், என்ன செய்ய?' என்று நிரல் கேட்கும் குரல் அது. துறையினர் இதை 'பீக்கன்' என்பார்கள்.

கேள்வி: நம் மாநிலத்தில் இப்படி ஒளிந்திருந்து தாக்கிய நிரல் உண்டா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: உண்டு, கூடங்குளம் அணுமின் நிலையத்தில். 2019 செப்டம்பர் 4 அன்று, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அங்கே தீநிரல் இருப்பதைக் கவனித்துத் தெரிவித்தது. அது 'டிட்ராக்' என்னும் உளவு நிரல். தட்டச்சு செய்வதையும் உலாவியில் பார்த்ததையும் சேகரிக்கக்கூடியது. அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தொற்றியது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. உலையை இயக்கும் வலையமைப்பு தனியாக இருந்ததால் தப்பியது.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் ஆணை இட்டது. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சிறிய அலுவலகங்களும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டாம். எது எதை, எப்போது அழைத்தது என்னும் அந்த வறண்ட வரிகளிலிருந்துதான் வெல்ச்மேனும் தொடங்கினார்.