இரைப்பு நோயும் மூச்சுப் பயிற்சியும்

ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயுடையார் மூச்சை உள்ளிழுக்க மாட்டாது தவிக்கின்றனர் என்றே நாம் எண்ணுவதுண்டு. உண்மையில் அவர்க்குப் பெரிதும் அரிதாவது வெளிவிடுதலே. மூச்சுக்குழல்களின் உட்சுவர் வீங்கி, சூழ்ந்துள்ள தசைகள் சுருங்கிச் சளியும் திரளுங்கால், உட்சென்ற காற்று முற்றும் வெளிவராது நுரையீரலிலே தங்கிவிடுகின்றது. அச்சத்தால் விரைந்து மூச்சு வாங்குவார்க்கு வெளிவிடும் பொழுது இன்னும் குறுகித் தேக்கம் மிகுகின்றது.

ஆதலின், மூச்சுப் பயிற்சியாவது காற்றை மேன்மேலும் நிரப்பிக்கொள்வதன்று. தளர்வாக நிமிர்ந்தமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, நாசி வழியே மெல்ல இழுத்தல் வேண்டும். அப்போது வயிறு எழவேண்டுமேயன்றித் தோள் உயர்தலாகாது. பின்னர் உதடு குவித்து, விளக்கை அணையாது சுடரை மாத்திரம் அசைப்பார்போல, இழுத்ததினும் நெடிதாக விடல் வேண்டும். (கீர்த்தனை பாடுவோர் ஓரடியை ஒரே மூச்சில் முடிக்கப் பழகுவதும் ஏறக்குறைய இத்தன்மைத்தே.) நோய் தணிந்திருக்கும் வேளையில் நாள்தோறும் பழகினாலன்றி இது வேண்டும்போது கைகொடாது.

இதனாற் பயன் யாது? இங்கிலாந்தில் ஆஸ்துமாவுடையார் 655 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. மெதுவாகவும் நாசி வழியும் மூச்சுவிடப் பயின்றோரின் அன்றாட வாழ்வு எளிதாயிற்று. ஆயின், ஊதிப்பார்க்கும் கருவி காட்டிய நுரையீரல் அளவு உயர்ந்திலது. குழல்களின் வீக்கத்தைத் தணிப்பது மருத்துவர் குறித்தபடி இன்ஹேலரால் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தே. மூச்சுச் சீராயிற்றென்று அதனைத் தாமே நிறுத்துவோர் உயிர்க்கே இடர் தேடுவோராவர். விடுதியில் உடனுறைவார்க்குப் பேச்சும் தடைப்படுமளவு இரைப்பு மிகுமாயின், பயிற்சி கற்பிக்கப் புகாது, அவர்தம் இன்ஹேலரை எடுத்தளித்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.