பெற்றோர் இல்லாத பிள்ளை: ஹோமுக்கு முன்னால் சொந்தபந்தம்



தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் ஊரில் இருந்தால், "ஹோம்ல சேத்து விட்டுரலாம், மூணு வேளை சோறாவது கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லம் என்பது கடைசி வழிதான். அதற்கு முன்னால் குடும்பம், சொந்தபந்தம்.

இதை முடிவு செய்வது மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக்குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆதரவில்லாமல் நிற்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழு முன் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சமூகப் பணியாளர் விசாரணை. அதை 15 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது.

விசாரணை என்றதும் நம் பெண்கள் பயப்படுகிறார்கள். "எங்க வீடு ஓட்டு வீடு, நான் கூலிக்குப் போறவ, எங்கிட்ட குடுப்பாங்களா?" ஓட்டு வீடா மாடி வீடா என்பது மட்டும் கேள்வி இல்லை. பிள்ளை உங்களிடம் ஒட்டிப் பழகியதா, படுக்கப் பாதுகாப்பான இடம் உண்டா, குடித்துவிட்டு அடிக்கிற ஆள் வீட்டில் இருக்கிறாரா, பள்ளிக்கூடம் தொடருமா என்று பார்ப்பார்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அண்ணன் தங்கச்சி என்றால் பிரிக்காதீங்க என்று நீங்களே கேளுங்கள். பாட்டிக்கு வயசாகிவிட்டதென்றால், உடம்பு முடியாதபோது சித்தியோ மாமாவோ யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் போய்ப் பாத்திரம் தேய்க்க விடுகிற சொந்தமும் இருக்கிறது. படிப்பை நிறுத்திப் பதினாறு வயசில் கட்டிக் கொடுப்பவர்கள், தகப்பன் நிலத்தின் மேல் கண் வைத்து வருபவர்கள் என்று நாம் பார்க்காததா? அதனால்தான் ஒப்படைத்த பிறகும் கண்காணிக்கும்படி நலக்குழு உத்தரவு போடலாம். அப்படி அதிகாரி வந்தால் கோபப்படாதீர்கள். அக்கம்பக்கத்தில் தப்பு நடப்பது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.

செலவுக்கு வழி? மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. உறவினர் வீட்டில் வளரும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளும் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் தொகை மாதம் 2,000 ரூபாய். உங்களுக்கு எது பொருந்தும் என்று மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். போகும்போது ஊக்குநரையோ பிரதிநிதியையோ கூட்டிப் போங்கள். ஆதார், வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் கையில் இருக்கட்டும். தாய் தகப்பனின் இறப்புச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள்.