விளையாட்டும் மூளைநோயும்

உடற்பயிற்சியால் விளையும் நன்மைகள் யாவரும் அறிந்தனவாதலின் அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. தூய பவுலடியாரும் கொரிந்தியர்க்கு வரைந்த திருமுகத்தில் ஓட்டக்காரரையும் குத்துச்சண்டை வீரரையும் உவமையாக எடுத்தாளுகின்றார். ஆயின், அச்சண்டை வீரர் களம் நீங்கி முதுமையெய்திய பின்னர் யாதாயினர் என்பது யாம் பெரும்பாலும் கேளாத வினா. தலையிற் பலகாலும் அடிபடுதற்கு இடமாகிய ஆட்டங்களை ஆடி ஓய்ந்தோரைப் பற்றும் மூளைநோயைக் குறித்து மருத்துவ அறிஞர் கண்டவற்றுட் சிலவற்றை, யாம் கற்ற அளவில் எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் உமக்கு இதில் என்ன உரிமை என வினவுவார்க்கு, இந்நோயின் வரலாறு பெரும்பான்மையும் பெயர்களின் வரலாறே என்பது எம் விடை.

1928-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு நியூ ஜெர்ஸி மாகாணத்து நூவர்க் நகரில் நோய்க்கூற்று அறிஞராயிருந்த ஹாரிஸன் மார்ட்லாண்டு என்பார் குத்துச்சண்டை வீரரைப் பற்றிக் கட்டுரையொன்று வெளியிட்டார். பல்லாண்டு சண்டையிட்டோருட் சிலர் நடை தளர்ந்து, கை நடுங்கி, நாக் குழறி, ஈற்றில் அறிவும் மயங்குதலை அதில் எடுத்துக்காட்டினார். அந்நிலைக்கு அவர் புதுப்பெயர் படைத்திலர். சண்டையரங்கில் வழங்கிய 'பஞ்ச் டிரங்க்' என்னும் சொல்லையே தலைப்பாகக் கொண்டார். குத்துண்டு வெறித்தவன் என்பது அதன் பொருள். மருத்துவர் அறியுமுன்னரே அரங்கைச் சூழ்ந்திருந்தோர் நோயை அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று. எனினும் அதனுள் ஒரு கொடுமையும் உண்டு. கள்ளுண்டு தள்ளாடுபவனது பழி அவனுடையதே. பிறன் குத்தியதனால் தள்ளாடுபவனையும் அவ்வினத்திற் சேர்த்து உலகம் நகைத்தது. பின்னர், 1937-இல், 'டிமென்ஷியா பியூஜிலிஸ்டிகா' என்னும் இலத்தீன் பெயர் வந்தது. நகைப்பு நீங்கிற்று, ஆயின் அப்பெயர் குத்துச்சண்டையை மட்டும் சுட்டியமையின், ஏனை ஆட்டக்காரர் தமக்கு அஃதில்லை என்று எண்ணியிருக்க இடமாயிற்று. இக்காலத்தார் பலகாலும் அடிபட்டதனால் மூளை சிதைதல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 'சி.டி.ஈ.' என வழங்குவர்.

இனி நோயின் இயல்பு. மூளையானது மண்டையோட்டினுள் நீரில் மிதப்பது. விரைந்து அசைந்த தலை திடீரென நிற்குங்கால் ஓடு நின்றுவிடும். உள்ளிருப்பது நில்லாது மேலும் அசையும். அவ்வசைவில் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு நலிகின்றன. தலைக்கவசம் எலும்பு முறிவைத் தடுக்கும். இவ்வுள்ளசைவை முற்றும் தடுக்கமாட்டாது. நரம்பிழைகளின் கட்டுக்கோப்பைக் காக்கும் 'டௌ' என்னும் புரதம் நிலைதிரிந்து, மூளை மடிப்புக்களின் ஆழத்திற் சிறு குருதிக்குழாய்களைச் சூழ்ந்து முடிச்சுக்களாய்க் கிடத்தலே இந்நோயின் அடையாளம். உணர்விழக்கச் செய்யும் பேரடிதான் வேண்டுமென்பதில்லை. ஆடுபவன் பொருட்படுத்தாத சிற்றடிகள் ஆண்டுக்கணக்கிற் குவிதலும் போதும் என்பர் ஆய்வாளர் பலர். நோய் உறுதியாவதோ, இறந்தவர் மூளையை எடுத்து ஆய்ந்த பின்னரே.

இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்னும் கழகத்திற்காகக் காற்பந்தாடிய ஜெஃப் ஆஸ்டில், பந்தைத் தலையால் முட்டி வலையுட் செலுத்துதலிற் பெரும்பெயர் பெற்றவர். 1968-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோல் இவர் அடித்தது. (அது மட்டும் காலால் அடித்தது என்பது வியப்பு.) 2002 ஜனவரியில், 59-ஆம் வயதில், இவர் இறந்தார். கடைசி நாட்களில் தாம் பந்தாடியவர் என்பதையே மறந்திருந்தார் எனக் குடும்பத்தார் கூறுவர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த மரண விசாரணையில் அதிகாரி, கனத்த தோற்பந்தைப் பல்லாண்டு முட்டியமையே மூளைக்கேட்டிற்குக் காரணமெனத் துணிந்து, 'தொழில்நோயால் இறந்தார்' எனத் தீர்ப்பளித்தார்.

சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டவனுக்கு எழுதும் சொல் அன்றோ இது! விபத்து என்றிருப்பின் ஒருவரும் பொறுப்பல்லர். முதுமை என்றிருப்பின் இயற்கையின் செயல். வெறி என்றாலோ பழி நோயாளியினது. தொழில்நோய் என்றமையின் ஆட்டத்தை நடத்துவோர் விடை கூற வேண்டியவராயினர். அவ்விடை விரைந்து வந்திலது. 2014-இல் கிளாஸ்கோ நகரத்து நரம்பு நோய்க்கூற்று அறிஞர் வில்லி ஸ்டூவர்ட்டு அம்மூளையை மீண்டும் ஆய்ந்து, சி.டி.ஈ. என்றே கண்டார். தீர்ப்புக்கும் அவ்வாய்வுக்கும் இடையே பன்னிரண்டாண்டு சென்றன.

ஆஸ்டில் இறந்த ஆண்டிலேயே அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவிற் பிறந்த பென்னட் ஒமலு என்னும் மருத்துவர் அவர் மூளையில் இந்நோயைக் கண்டு 2005-இல் வெளியிட்டபோது, தேசிய ஆட்டச்சங்கத்தின் குழுவைச் சார்ந்த மருத்துவர் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கோரினர். 2017-இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர், அச்சங்கத்தில் ஆடிய 111 பேர் மூளைகளை ஆய்ந்து 110-இல் நோய் கண்டனர். இவ்வெண்ணைக் கேட்டுத் திடுக்கிடுதல் இயல்பே. ஆயினும் அம்மூளைகளை அளித்தவர் பெரும்பாலும் முன்னரே ஐயுற்ற குடும்பத்தார் என்பதை மறத்தலாகாது. ஆட்டக்காரருள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதற்கு அது விடையன்று.

அவ்வகை விடைக்கு அணித்தாய் நிற்பது 2019-இல் ஸ்டூவர்ட்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஸ்காட்லாந்தில் முன்னர்த் தொழிலாகக் காற்பந்தாடிய 7,676 பேரை அவரோடு ஒத்த பொதுமக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டபோது, மூளைச்சிதைவு நோயால் ஆடியோர் இறத்தல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதியாயிருந்தது. அவரே இதயநோயாலும் நுரையீரற் புற்றாலும் இறத்தல் பிறரினும் குறைவு. ஆதலின் ஆட்டத்தை வெறுப்பார்க்கு இவ்வாய்வு முற்றும் துணைபோகாது. 2021-இல் வெளியான தொடராய்வில் ஆடிய இடம் நோக்கப்பட்டது. இலக்குக்காப்பாளர்க்கு இடர் பொதுமக்களினும் குறிப்பிடத்தக்கவாறு மிகவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்க்கோ ஏறத்தாழ ஐந்து மடங்கு. பந்தைக் கையாற் பிடிப்பவன் தப்பினான். தலையால் தடுப்பவன் அகப்பட்டான். காரணம் இதுவே என நிலைநாட்ட இஃதொன்றே போதாதெனினும், எம் ஐயம் எத்திசையிற் செல்லுமென்பது வெளிப்படை.

அது பழைய தோற்பந்தின் குற்றம், புதுப்பந்து இலேசானது என்பாரும் உளர். உலர்ந்த நிலையில் இரண்டின் எடையும் ஏறக்குறைய ஒன்றே. பழையது மழையில் நீரேற்றுக் கனத்தது, புதியது விரைந்து வருவது. ஸ்காட்லாந்து ஆய்விலும், 1930 முதல் 1990களின் இறுதி வரை ஆடியோரிடையே காலத்தால் இடர் குறைந்ததாகக் காணப்படவில்லை.

2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளிச் சிறுவர் பயிற்சியில் தலையால் முட்டுதலை விலக்குமாறு நெறி வகுத்தன. 2021-இல் இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்க்கும் ஓர் அளவு குறிக்கப்பட்டது: நெடுந்தொலைவிலிருந்தும் மூலையிலிருந்தும் விசையோடு வரும் பந்துகளைப் பயிற்சியில் முட்டுதல் வாரத்திற்குப் பத்துக்கு மேற்படலாகாது.

எம் கல்லூரிக் களத்தில் மாலைதோறும் மூலையடி பயில்வதுண்டு. இக்கட்டுரைக்கு வேண்டுவன கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் வரிசையில் நின்றவாறே எண்ணிப் பார்த்தோம். மணியடிப்பதற்குள் எம் தலை தாங்கியவை 31. வலைக்குப் பின்னே, அயலிலுள்ள தொடக்கப்பள்ளிச் சிறுவர் நால்வர், உயர்ந்து வந்த பந்துகளை எம்மைப் போலவே முட்டித் திருப்பிக்கொண்டிருந்தனர்.