பாசிக்குள் எண்ணெய்

தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? ஓரமெல்லாம் பச்சையாகிவிடும். கால் வைத்தால் வழுக்கும். பாசி பிடித்துவிட்டது என்று தேங்காய் நாரை எடுத்துத் தேய்ப்போம்.

அந்தப் பாசிக்குள் எண்ணெய் இருக்கிறது. எள்ளுக்குள் இருப்பது போலத்தான்.

பாசிக்கு எண்ணெய் எப்படி வந்தது? செடியைப் போலப் பாசியும் வெயிலைப் பிடிக்கிறது. தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தன் உணவைத் தானே சமைக்கிறது. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர். மிச்சத்தை மாவாகவும் எண்ணெயாகவும் சேர்த்து வைக்கிறது.

அந்த எண்ணெயைப் பக்குவம் செய்தால் டீசலோடு கலந்து வண்டி ஓட்டலாம். குஜராத்தில் பவநகர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 2012இல் இப்படி ஓட்டிக் காட்டியது. மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் தார்நாகா. அந்தப் பக்கத்தில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. கழிவுநீரில் பாசி வளர்க்கும் ஆராய்ச்சி அங்கும் நடந்திருக்கிறது.

முன்பு காட்டாமணக்கை நம்பினார்கள். பல விவசாயிகள் நட்டார்கள். சொன்ன அளவு காய்க்கவில்லை. பாவம், நட்டவர்களுக்குத்தான் நஷ்டம். பாசிக்கு வயல் வேண்டாம். உப்புத் தண்ணீரில் வளரும் பாசியும் உண்டு. சோறு விளையும் நிலத்தை அது கேட்காது.

"அப்படியானால் பங்க்கில் ஏன் கிடைக்கவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. விலை கட்டவில்லை. பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டும். காய வைக்க வேண்டும். எண்ணெய் எடுக்க வேண்டும். எல்லாம் செலவு.

இன்னொரு தொல்லையும் உண்டு. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதல் வரிசைக்காரர்கள் இலை நிறைய வாங்கிக்கொண்டு பாதியை வீணாக்குகிறார்கள். கடைசி வரிசைக்குச் சோறு வரவில்லை. பாசிக் குளத்திலும் இதே கதைதான். மேலே உள்ள பாசி தேவைக்கு மேல் வெயிலைப் பிடிக்கிறது. செரிக்க முடியாததைச் சூடாக வெளியே விடுகிறது. கீழே உள்ள பாசி இருட்டில் கிடக்கிறது.

இதற்கு என்ன வழி? ஒவ்வொரு உயிருக்குள்ளும் மரபணு இருக்கிறது. ஜீன் என்றும் சொல்வார்கள். எதை, எவ்வளவு செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதில் உள்ளது. அமெரிக்காவில் மெலிஸ் என்ற அறிஞர் மரபணு மாறிய பாசிகளை ஆராய்ந்தார். அவற்றில் வெயிலைப் பிடிக்கும் பச்சையம் குறைவு. பச்சை வெளிறியதால் வெளிச்சம் அடிவரை போனது. கை சிறியதானால் பந்தியில் எல்லோருக்கும் கிடைக்கும் அல்லவா? நம் ஊர் கச்சிபவுலியில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையை ஆராய்கிறார்கள்.

2017இல் எக்ஸான் மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனியும் அதன் கூட்டாளியும் ஒரு செய்தி சொன்னார்கள். ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்ததும் பாசியில் எண்ணெய் நூற்றுக்கு 20 பங்கிலிருந்து 40 பங்குக்கு மேல் ஏறியதாம். பெரிய விளம்பரம் செய்தார்கள். ஆனால் 2023இல் அந்தக் கம்பெனி பாசி வேலைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. விளம்பரத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

மாற்றிய பாசி வெளியே போய்விட்டால்? இந்தப் பயமும் நியாயமானதுதான். அமெரிக்காவில் திறந்த வெளித் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பக்கத்தில் வைத்த வாளிகளுக்கும் அந்தப் பாசி பரவியிருந்தது. ஆனால் அங்கிருந்த இயற்கைப் பாசியை அது வெல்லவில்லை. ஓர் இடத்துச் சோதனை எல்லாக் குளத்துக்கும் போதாது. நம் நாட்டில் மரபணு மாற்றிய உயிரை வெளியில் விட மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

கணக்குப் போடுவோம்

காய்ந்த பாசி 5 கிலோ இருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு எண்ணெய் என்றால் எத்தனை கிலோ எண்ணெய்? 40 பங்கு என்றால் எத்தனை கிலோ?