குளிர்காலத்தில் முட்டையிடும் பெங்குவின்

பறவைகளுள் பெரும்பாலானவை வெப்பமும் இரையும் மிகுந்த பருவத்தில் முட்டையிடுகின்றன. இவ்வழக்கத்திற்கு மாறாக, கடுங்குளிர் நிலவும் அண்டார்டிகாவில், இருள் சூழ்ந்த குளிர்காலத்தின் நடுவே முட்டையிட்டு அடைகாக்கும் பறவை ஒன்று உண்டு. அதன் பெயர் பேரரசப் பெங்குவின். பெங்குவின் இனங்களுள் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் உயரமுடையது.

தந்தையின் காவல்

தென்துருவப் பகுதியில் குளிர்காலம் ஆண்டின் நடுவில் வருகின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் உறையத் தொடங்கியதும், இப்பறவைகள் நீரைவிட்டு ஏறி, பனிக்கட்டியின்மேல் நடந்து, வழக்கமாகக் கூடும் இடத்தை அடைகின்றன. மே, ஜூன் மாதங்களில் பெண் பறவை ஒரே ஒரு முட்டை இடுகின்றது. கூடு கட்டுவதற்கு அங்கு எதுவும் இல்லை. ஆகவே, முட்டை ஆண் பறவையின் பாதங்களுக்கு மாற்றப்படுகின்றது. வயிற்றின் அடியில் தொங்கும் தோல் மடிப்பு அதனைப் போர்த்திக் காக்கின்றது. மாற்றும்பொழுது முட்டை தவறிப் பனியில் கிடந்துவிட்டால், உள்ளிருக்கும் கரு உறைந்து மடியும்.

தாய் இரை தேடிக் கடலுக்குச் செல்ல, தந்தை ஏறத்தாழ 65 நாள் அடைகாக்கின்றது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 40 பாகை வரை இறங்கும். அப்பொழுது ஆண் பறவைகள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. கூட்டம் மெல்ல அசைந்துகொண்டே இருப்பதால், ஓரத்தில் நின்றவை உள்ளே செல்லவும், உள்ளே நின்றவை வெளியே வரவும் வழி ஏற்படுகின்றது. கடலைவிட்டு வந்தது முதல் ஏறத்தாழ 4 மாதம் உண்ணாதிருக்கும் தந்தை, தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும்.

தாயின் வருகை

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முட்டை பொரிகின்றது. தாய் வந்து சேரச் சில நாள் தாமதமானால், தந்தை தன் தொண்டையில் சுரக்கும் பால்போன்ற பொருளை ஊட்டிக் குஞ்சைக் காப்பாற்றும். தாமதம் நீண்டால் குஞ்சு பிழைப்பது அரிது. திரும்பிவரும் தாய், பெருங்கூட்டத்தினிடையே தன் துணையைக் குரலினாலேயே அடையாளம் காண்கின்றது. பின்னர் இரண்டும் மாறி மாறிக் கடலுக்குச் சென்று இரை கொண்டு வருகின்றன.

நீர் புகாத இறகு முளைத்துக் குஞ்சு கடலில் இறங்குவது டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். அப்பொழுது அங்குக் கோடைகாலம்; கடலில் இரை மலிந்திருக்கும். பெற்றோர் குளிரைத் தாங்குவதன் காரணம் இப்பொழுது விளங்கும். முட்டை கோடையில் இடப்பட்டிருந்தால், குஞ்சு தனித்து இரை தேடவேண்டிய காலம் கடுங்குளிராக அமைந்துவிடும்.

உடையும் பனித்தரை

இக்கணக்கெல்லாம் கடற்பனி உரிய காலம்வரை உடையாதிருந்தால்தான் நிறைவேறும். 2022ஆம் ஆண்டில் அண்டார்டிகாவின் பெல்லிங்சவுசன் கடற்பகுதியில் பனி முன்னதாகவே உடைந்தது. அங்கு ஆராயப்பட்ட 5 குடியிருப்புகளுள் நான்கில் இனப்பெருக்கம் முற்றிலும் பொய்த்தது என, செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2023இல் தெரிவித்தனர். இறகு முளைக்குமுன் நீரில் விழும் குஞ்சு பிழைக்க இயலாது.

பனியும் புயலும் வெல்லமுடியாத இப்பறவையைப் பூமியின் வெப்பப் பெருக்கம் வென்றுவிடக்கூடும். அவ்வெப்பத்தைப் பெருக்கியவன் மனிதன். அதனைத் தணிக்கும் பொறுப்பும் அவனுடையதே.