குடித்தொகையும் போக்குவரத்தும்: தனுஷ்கோடிக் கிராமம்

தமிழ்நாட்டின் இராமேஸ்வரத் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள மீனவக் கிராமம் தனுஷ்கோடி ஆகும்.

1. வளர்ச்சி: 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. புகையிரதத்தில் தனுஷ்கோடி வந்த பயணிகள் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். இதனால் துறைமுகத்தைச் சூழ மக்கள் குடியேறினர்.

2. வீழ்ச்சி: 1964 டிசெம்பர் சூறாவளி ஊரையும் புகையிரதப் பாதையையும் அழித்தது. பயணிகளுடன் ஒரு புகையிரதமும் அலையில் அள்ளுண்டது. வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. கப்பற் சேவை இராமேஸ்வரத்திற்கு மாறியது.

3. மீள் இணைப்பு: 2017 இல் அரிச்சல்முனை வரை வீதி திறக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் வருகின்றனர். எனினும் நிலையாக வாழ்வோர் மீனவக் குடும்பங்கள் சிலவே.

கவனிக்க: வீதி மட்டும் குடித்தொகையைப் பெருக்காது. பாதுகாப்பு, குடிநீர், தொழில் என்பனவும் அவசியம்.

வினா: போக்குவரத்து ஒரு கிராமத்தின் குடித்தொகையைப் பாதிக்கும் இரு விதங்களை உதாரணத்துடன் விளக்குக.